ஈரக் கால்கள்

என்னை வேலைக்கு வைத்துக்கொண்ட யாரும் என் திறமைக்காக வைத்துக்கொண்டதில்லை. வாய்க்காகத்தான் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் காரைக்கால் எல்லையில் துவான் என்று ஒன்று இருந்தது. சுங்கச் சாவடி. அங்கே நான் தற்காலிக எழுத்தன். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது மற்றவர்கள் வேலை. பிரித்து முடிக்கும்வரை மூட்டைக்காரனைச் சிரிக்க வைப்பது என் வேலை. கொடி மாறியது, எல்லை போயிற்று, சாவடியும் போயிற்று. அங்கே கிடந்த மேசை நாற்காலியைக்கூட யாரோ வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை ஏற்றிக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை.

கொஞ்ச காலம் கடைத்தெருவில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தேன். கிளிஞ்சல்மேட்டுக்குத் தெற்கே, கழியோரத்தில் இருந்தது அந்தக் களம். கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற உப்பு வாய்க்காலைத்தான் கழி என்போம். முதலாளி என்னைப் பார்த்த முதல் நாள், கூட்டல் கழித்தல் வருமா என்று கேட்டார். கூட்டல் வரும், கழித்தலை எப்போதும் முதலாளிகளே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

காளவாய் வேலை இதுதான். கழியில் இறங்கிச் சேற்றைத் துழாவிக் கிளிஞ்சல் பொறுக்க வேண்டும். கழுவி, காயவைத்து, கரியோடு அடுக்கு அடுக்காகப் போட்டுச் சுட வேண்டும். சுட்ட கிளிஞ்சல் பார்வைக்குப் பழைய கிளிஞ்சல் மாதிரியேதான் இருக்கும். கொஞ்சம் வெளுத்திருக்கும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதன்மேல் தண்ணீர் பட்டால் சீறும், கொதிக்கும், ஆவி விட்டுக்கொண்டு மாவாக உதிரும். அளவாகத் தண்ணீர் தெளித்து உதிர்த்து, சலித்து, சாக்கில் கட்டினால் சுண்ணாம்பு. எங்கள் சுண்ணாம்பெல்லாம் பழைய எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சர்க்கரை ஆலைக்குப் போயிற்று. கரும்புச் சாற்றிலிருந்து அழுக்கை எடுக்க அவர்களுக்கு அது வேண்டும்.

கிளிஞ்சல் பொறுக்கியது பிள்ளைகள். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பார்கள். பெரியவர்கள் இறங்கினால் சேற்றில் முழங்கால்வரை புதையும், பிள்ளைகள் மேலோடு நடந்துவிடும் என்று மேஸ்திரி காரணம் சொல்வார். சலிப்பதும் சாக்கின் வாயைப் பிடிப்பதும்கூட அவர்கள்தான். அவர்களுடைய அம்மாக்கள் அதே களத்தில் கூடை சுமந்தார்கள்.

அந்தக் களத்தில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுட்ட கிளிஞ்சல் கொட்டகைக்குள் ஈரம் போகக்கூடாது. கழியிலிருந்து வருகிற பிள்ளைகள் காலைச் சாம்பலில் தேய்த்து, பாவாடையை மாற்றிக்கொண்டுதான் அந்தப் பக்கம் வரலாம். குடிதண்ணீர்ப் பானைகூட எதிர் மூலையில் இருக்கும். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு ஈரக்காலோடு நான் அந்தப் பக்கம் திரும்பினால், "பாய், அந்தாண்ட போங்க" என்று மேஸ்திரி கம்பைத் தூக்கிவிடுவார். அல்லாவிடம் போகிறவனை இப்படி விரட்டலாமா என்பேன். சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்றுதான் விரட்டுகிறேன் என்பார். நகைச்சுவையில் எனக்குப் போட்டி என்று களத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் காலை, மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரன் ஒரு சேதி கொண்டுவந்தான். ஆலையிலிருந்து ஸ்டோர் ஆபீசர் ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார். ஆலைத் தொழிலாளிகள் நடுவே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிற இடத்திலிருந்து சரக்கு வரக்கூடாது என்கிறார்கள். அப்படி இருக்கிறதா என்று பார்த்துவர அனுப்பியிருக்கிறார்கள்.

முதலாளி முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஆலை வாங்காவிட்டால் களத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது. மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பின்வேலி வழியாகக் கழியைத் தாண்டி ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாய், நீ பேசு. எதையாவது பேசு. அந்தாளு நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது."

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள், எனக்கோ பேசச் சொல்லி உத்தரவு. அப்படிப்பட்ட உத்தரவு என் ஆயுளில் அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பொதுவாக எல்லாரும் நிறுத்தச் சொல்வார்கள். பூவரச மரத்தடியில் நாற்காலியைக் காளவாய்ப் பக்கம் பார்த்துப் போட்டேன். கொட்டகை முதுகுப் பக்கம் இருக்கும்படி.

ஆபீசர் என் வயதுதான் இருப்பார். தேய்த்த கால்சட்டை, நல்ல முகம். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று. சுண்ணாம்புச் சாக்கில் கிடந்ததாம், சாக்கு அவிழ்க்கிற ஆள் எடுத்துக் கொடுத்தானாம்.

"இந்த வளைவப் பாருங்க பாய். இதுல எவ்வளவு பெரிய கை நுழையும்?"

வாங்கிப் பார்த்தேன். எங்கள் முதலாளி கொடுக்கிற கூலியில் பெரியவர்கள் கையே இந்த அளவுக்கு வந்துவிடுகிறது என்றேன். சந்தேகமிருந்தால் என் கையைப் பாருங்கள் என்று நீட்டினேன். என் கை அன்றைக்கும் ஈர்க்குச்சிதான். ஆபீசர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார், வேறு வழியில்லாமல். தீப்பெட்டி பைக்குள் போயிற்று. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் பேச்சு எங்கெங்கோ ஓடியது. துவானில் பார்த்த கூத்துகளைச் சொன்னேன். வயிற்றில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு கர்ப்பிணியாக வந்த ஒரு அம்மாள், பரிசோதனைக்குப் பயந்து அங்கேயே வலி வந்ததாக நடிக்க, எங்கள் பெரிய அதிகாரி மருத்துவச்சியைக் கூப்பிட ஓடிய கதை. ஆபீசர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

களத்துத் தரை எப்போதும் மாவு சலித்த முற்றம் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில், பின்வேலியிலிருந்து கொட்டகை வாசல்வரை, சாம்பல் நிறத்தில் கால் தடங்கள். சின்னக் கால்கள். சில தடங்களில் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாத் தடமும் கொட்டகையைப் பார்த்தே இருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. கொட்டகைக் கதவில் பூட்டு.

கழியில் தண்ணீர் ஏறிவிட்டிருக்கிறது. பிள்ளைகள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள், இடுப்புக்கு மேலே வந்திருக்கிறது. ஜீப் சத்தம் கேட்டதும் மேஸ்திரி பதறி அவர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். களத்தில் கதவும் பூட்டும் இருக்கிற இடம் ஒன்றுதான். இத்தனை வருஷம் ஒரு சொட்டு ஈரத்தை உள்ளே விடாமல் காத்த மனிதர், சொட்டச் சொட்ட நின்ற பிள்ளைகளைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார்.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகிய சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காளவாய்ப் படியில் ஒரு பெண் கரிக்கூடையோடு நின்றிருந்தாள். கிளிஞ்சல்மேட்டுக்காரி, புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவளுடைய ஒன்பது வயது மகளும் கழியில் பொறுக்குகிறவள். அவளும் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் கத்தவில்லை என்று இப்போது யாராவது கேட்கலாம். எல்லாரிடமும் அன்று காலையிலேயே மேஸ்திரி சொல்லியிருந்தார்: வாயைத் திறந்தால் களம் மூடும். அதனால் அவளும் நான் போட்ட கணக்கையே போட்டிருக்க வேண்டும். ஆபீசர் எழுந்து போய்விட்டால் அடுத்த நொடி கதவு திறக்கும். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆபீசரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவன் நான்.

என் வாழ்நாளில் முதல் முறையாகச் சுவாரசியமில்லாமல் பேச முயன்றேன். சுண்ணாம்பு எப்படிச் சுடுவது என்று ஆரம்பித்தேன், எந்த அடுக்குக்கு எத்தனை கூடை கரி, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கத்துத் துவாரத்தை அடைப்பது என்று. எந்த மனிதனும் கொட்டாவி விட்டு எழுந்திருப்பான். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெயில் ஏறுகிறது, கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்றேன். சாப்பாடு கிடக்கட்டும், அந்தக் கர்ப்பிணி அம்மாள் கதை என்ன ஆயிற்று என்றார். முதலாளி என் திறமையை மெச்சி டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

கொட்டகையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. அடக்கிய இருமல். வாயில் துணியை வைத்துக்கொண்டு இருமுவது போல.

ஆபீசர் தலையைத் திருப்பினார். மேஸ்திரி முந்திக்கொண்டு, ஆடு என்றார். எங்கள் களத்தில் ஆடு கிடையாது. சுண்ணாம்புக் காற்றில் ஆடு நிற்காது. ஆபீசருக்கு அது தெரியாது. திரும்பி உட்கார்ந்துகொண்டார். காளவாய்ப் படியில் அந்தப் பெண்ணின் கூடை சாய்ந்து கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். கீற்றின் இடுக்கில் மெல்லிசாக ஆவி வந்தது. சோற்றுப் பானை மூடியைத் தள்ளுமே, அப்படி.

அதற்கு மேல் வேறு வழி தோன்றவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், அந்தக் கொட்டகைக்குள்ள புள்ளைங்க இருக்குதுங்க. ஈரத்தோட நிக்குதுங்க. கதவத் திறக்கச் சொல்லுங்க."

ஆபீசர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். டீ கொண்டுவந்தவன் சிரித்தான். முதலாளி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மேஸ்திரிகூடச் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. சார் வேடிக்கை இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். முகத்தை அப்படி வைத்துக்கொண்டு சொல்வதுதான் இவரிடம் விசேஷம் என்று முதலாளி ஆபீசரிடம் விளக்கினார். நான் அழுதிருந்தால்கூட அன்றைக்குக் கைதட்டியிருப்பார்கள்.

மேஸ்திரியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். அவர் பல்லை இளித்தபடியே, உதடு அசையாமல், போய் உட்கார் என்றார்.

அதற்குள் அந்தப் பெண் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். ஓடவில்லை. விறுவிறு என்று நடந்து எங்கள் எல்லாரையும் தாண்டிப் போனாள். முதலாளி அவளைப் பேர் சொல்லி அதட்டினார். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கதவுப் பக்கம்கூடப் போகவில்லை. பக்கத்துக் கீற்றுத் தட்டியில் இரண்டு கையையும் விட்டு இழுத்தாள். நானும் போய் இழுத்தேன். மட்டை கிழித்து என் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. நான் ஒருவன் இழுத்திருந்தால் தட்டி அசைந்திருக்காது. அவள் இழுப்புக்குக் கட்டு அறுந்து பாதித் தட்டி எங்கள்மேல் சாய்ந்தது.

உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. பிள்ளைகள் சுட்ட கிளிஞ்சல் குவியலுக்கு எதிர்த் தட்டியோடு ஒட்டிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி நின்றிருந்தார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை. கண்ணை இறுக மூடியிருந்தார்கள். ஈரமான கிளிஞ்சல் பை ஒன்றை யாரோ குவியலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து வடிந்த தண்ணீர் பட்டுக் குவியல் சீறிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. சத்தம் போட்டால் உங்கள் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். அத்தனை பேரும் பாவாடையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

செம்புத் தண்ணீரெல்லாம் அதற்குப் பத்தாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கழிக்கு ஓடினோம். அம்மாக்கள் ஓடினார்கள், லாரிக்காரன் ஓடினான், தோளில் ஒரு பிள்ளையோடு நான் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது ஆபீசரும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தேய்த்த கால்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அது போதும் என்று யாராவது சொல்லும்வரை அந்தப் பிள்ளையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

ஆலை ஜீப்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொஞ்சப் பேருக்குக் கண் சிவந்ததோடு போயிற்று. கிளிஞ்சல்மேட்டுக்காரியின் மகளுக்குத்தான் கால் இரண்டும் முழங்கால்வரை வெந்திருந்தது. கதவுப் பக்கம் தூள் அதிகமாகக் கிடந்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள். அவள் கண் பிழைக்குமா என்று டாக்டரால் அன்று சொல்ல முடியவில்லை. கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆபீசர் கால்சட்டை உடம்போடு காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி சற்றுத் தள்ளித் தூணோடு நின்றார். ஆலைக்குப் போனதும் முதல் வேலையாக இந்தக் களத்திலிருந்து வாங்குவதை நிறுத்தப் போவதாக ஆபீசர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அந்தப் பெண் மகள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"நிறுத்தாதீங்க."

ஆபீசருக்குப் புரியவில்லை. இதற்கப்புறமுமா என்பது போலப் பார்த்தார்.

"நீங்க நிறுத்தினா இந்தக் களம் மூடிப் போவும். எம்மவ வேற களத்துக்குப் போவா. அங்க யாரு ஜீப்புல வந்து பாக்கப் போறா? வாங்குங்க. புள்ளைய உள்ள விடாதன்னு சொல்லி வாங்குங்க. அவ கொண்டாந்த கூலியையும் சேத்து எனக்குக் குடுக்கச் சொல்லுங்க, நானே கழியில எறங்குறேன்."

ஆபீசர் முதலாளியைக் கூப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று முழுதும் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: இனிமேல் பிள்ளைகள் யாரும் களத்துக்குள் வரக்கூடாது, பெரியவர்கள் கூலி ஏறும், அதற்கு ஏற்றபடி ஆலையும் சுண்ணாம்பு விலையைக் கொஞ்சம் ஏற்றும், ஆலை ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். மேஸ்திரிக்கு வேலை போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே எனக்கும் போயிற்று. என்னைப் போகச் சொல்லும்போது முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஆபீசர் வந்தார். நான் இல்லையென்றதும் எங்கே என்று கேட்டாராம். பிள்ளைகள் உள்ளே வராமல் பார்க்க வாசலில் யாரை நிறுத்துவது என்று இன்னும் முடிவாகவில்லை, அது அந்த பாயாக இருந்தால் நல்லது என்றாராம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

இப்படித்தான் நான் வாசல்காரன் ஆனேன். இந்த உத்தியோகத்தில் பெரிய புகழ் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகள் என்மேல் கிளிஞ்சலை விட்டெறிந்தார்கள். அவர்களுக்கு வருகிற பொட்டுக்கடலைக் காசும் நின்றுவிட்டதல்லவா. சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சிலர் மண்டபத்தூர்ப் பக்கம் கருவாடு காயவைக்கப் போனதாகப் பிறகு தெரிந்தது. அங்கே வாசலில் நிற்க யாரும் இல்லை. அதை ஆபீசரிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அது அவர் ஆலை வாங்குகிற சரக்கு இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை.

கிளிஞ்சல்மேட்டுக்காரியின் மகளுக்குக் கண் பிழைத்தது. கால் ஆறி, தோல் வேறு நிறத்தில் மினுமினுத்தது. நடக்க ஆரம்பித்த முதல் நாளே வாசலுக்கு வந்து நின்றாள்.

"பாய், உள்ள வுடு."

விட முடியாது என்றேன்.

"அம்மா சேத்துல எறங்குனா காலு புதையுது. ராத்திரியெல்லாம் மொனவுது. நான் எறங்குனா புதையாது. வுடு."

எனக்குத் தெரிந்த வேடிக்கையெல்லாம் காட்டினேன். துவானில் பெரிய அதிகாரி ஓடிய ஓட்டத்தை ஓடிக்காட்டினேன். அவள் முகம் அசையவில்லை. நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி உள்ளே விடு என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிறாயா, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்டேன். அம்மா வெளியே வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வேலிக்கு இந்தப் பக்கம், என் முக்காலிக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நான் எங்கேயாவது எழுந்து போகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அன்றைக்கு மட்டும் நான் போகவில்லை. வேலியின் அந்தப் பக்கம் கழியிலிருந்து பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அதில் அவள் அம்மாவின் குரல் எது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரல் வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தினாள். அப்படியே இருவரும் அவள் அம்மா வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.